மின்சாரக் காரும் வணிக நாணயமும்

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்தின் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்த வேளையில், வாயிலில் ஒரு புதிய கார் வந்து நின்றது. வந்த ஓசையை எவரும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தவர்கள்தாம் பிறருக்குச் சொன்னார்கள். நம் உறுப்பினருள் ஒருவர், தில்லியில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவர், மின்சாரக் கார் ஒன்று வாங்கக் கருதி, ஓட்டிப் பார்ப்பதற்காக விற்பனை நிலையத்தாரிடம் அதைக் கேட்டுப் பெற்று வந்திருந்தார். ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. எத்தனை கிலோமீட்டர் ஓடும், சார்ஜ் ஏற எத்தனை நேரம் ஆகும், மழைநீரில் போனால் மின்சாரம் தாக்காதா, விலை என்ன என்று ஆளுக்கொரு கேள்வி. அன்பரும் மலர்ந்த முகத்தோடு விடை கூறிக்கொண்டிருந்தார்.

பேத்தியை அழைத்துப் போக வந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் மட்டும் வேறொன்று கேட்டார். "இதைச் செய்கிறவர்கள் நாணயமானவர்கள்தானா, தம்பி?"

அன்பருக்கு உடனே விடை வரவில்லை. "பெரிய கம்பெனி, அம்மா" என்றார்.

"பெரிய கம்பெனி என்பது பார்த்தாலே தெரிகிறது. நான் கேட்டது வேறு" என்றார் அம்மையார்.

அருகில் நின்ற நமக்கும் அக்கேள்வி உறைத்தது. மகளின் கல்லூரிப் படிப்புக்கென வங்கியில் இட்டு வைத்திருந்த தொகையில் ஒரு பகுதியை எடுத்தே அன்பர் முன்பணம் கட்ட இருந்தார் என்பதை நாம் அறிவோம். பெட்ரோல் கார் வாங்குவோர் இக்கேள்வியைக் கேட்பது அரிது. அத்தொழில் நூறாண்டு கண்ட தொழில். மின்சாரக் கார்த் தொழிலோ பல நாடுகளில் நேற்று முளைத்த கம்பெனிகளாலும், நாளை நிறைவேற்றுவதாகக் கூறும் வாக்குறுதிகளாலும் நடந்து வருவது. ஆகவே அம்மையாரின் கேள்விக்கு விடை தேடுவோம் என்று தொடங்கினோம். கண்டவற்றை நேயர்கள் முன் வைக்கிறோம்.

இவ்வண்டியின் நன்மையை முதற்கண் ஒப்புக்கொள்வதே முறை. ஐப்பசி பிறந்தது முதல் தை முடியும் வரை தில்லியில் மூச்சு விடுவது எத்தகைய துன்பம் என்பதை நம் இல்லங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புகைக்குழாயே இல்லாத வண்டி அந்நகரத்துச் சாலையில் ஓடுவது வரவேற்கத் தக்கதே. ஆயினும் அதற்கு ஊட்டப்படும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியை எரித்துப் பெறுவது. ஐ.சி.சி.டி. என்னும் பன்னாட்டு ஆய்வு மன்றம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, வண்டி செய்யப்படுவது முதல் கழித்துக் கட்டப்படும் வரை வெளிவரும் கரிவாயுவைக் கூட்டிப் பார்த்தால், நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 விழுக்காடு குறைவாகவும், இந்தியாவில் 19 முதல் 34 விழுக்காடு குறைவாகவும் வெளிவிடுகிறது. நன்மை உண்டு, ஆனால் விளம்பரங்களில் பச்சை இலைகளுக்கு நடுவே காரை நிறுத்திக் காட்டும் அளவுக்கு இல்லை.

இவ்வண்டி புதுமையானதும் அன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதல் கடந்த கார், 1899-இல் பெல்ஜிய நாட்டவரான ஜெனாட்ஸி ஓட்டிய மின்சாரக் காரே. நம் நாட்டிலும் பெங்களூரில் 2001-இலேயே 'ரேவா' என்னும் சிறு மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. அதைச் செய்தவர்கள் பெரும்பொருள் ஈட்டவில்லை. 2010-இல் மகிந்திரா நிறுவனத்தார் அக்கம்பெனியின் பெரும்பங்கை வாங்கிக்கொண்டனர். செய்ய வல்லதை மட்டும் சொல்லி, சொன்ன அளவுக்குச் செய்து கொடுத்த சிறு கம்பெனி அது என்பது நம் கருத்து. பின்னால் வந்தவர் சிலரது கதையைப் படிக்கும்போது அதன் அருமை தெரிகிறது.

இனி, நம் தில்லி வாசகர் பலரும் நேரில் பட்டறிந்த ஒரு செய்தி. 'புளூஸ்மார்ட்' என்னும் மின்சார வாடகைக் காரை அறியாத குடும்பம் இங்கே குறைவு. விடியற்காலை விமானத்துக்குப் போக வேண்டியவர்கள் முந்திய இரவே சொல்லி வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கினார்கள். கூட்ட நேரத்தில் வாடகையைத் திடீரென இருமடங்காக்கும் வழக்கமும், ஒப்புக்கொண்ட பிறகு ஓட்டுநர் வர மறுக்கும் வழக்கமும் அங்கே இல்லை. ஓட்டுநர்களும் சொந்தக் கார் வாங்கிக் கடனில் வீழாமல், கம்பெனியின் காரை ஓட்டிக் கூலி பெற்றார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த அவ்விளைஞர்கள், நம்மைப்போலவே ஊரை விட்டு வந்து வீட்டுக்குப் பணம் அனுப்பி வாழ்ந்தவர்கள். 2025 ஏப்ரல் திங்கள் நடுவில் ஒரு நாள், தில்லி, பெங்களூர், மும்பை ஆகிய மூன்றிடத்திலும் கார் பதிவு நின்றது. பத்தாயிரம் ஓட்டுநர்கள் வரை வேலையிழந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. முன்கூட்டிப் பணம் செலுத்தி வைத்திருந்த பயணிகளுக்குத் தொண்ணூறு நாளில் திருப்பித் தருவதாக அறிவிப்பு வந்தது.

காரணம் என்ன? அவ்வாடகைக் கம்பெனியின் கார்களில் பெரும்பகுதி அதற்குச் சொந்தமானவை அல்ல. 'ஜென்சால்' என்னும் வேறொரு கம்பெனி கார்களை வாங்கி அதற்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. இரண்டு கம்பெனிக்கும் தலைமக்களாய் இருந்தவர்கள் அதே சகோதரர்கள். ஜென்சால் பங்குச் சந்தையில் இடம் பெற்ற கம்பெனி. அரசாங்கத்தின் கடன் நிறுவனங்கள் இரண்டு அதற்கு ரூ. 977.75 கோடி கடன் கொடுத்திருந்தன. 2025 ஏப்ரல் 15-இல் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி வாரியம் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அதில் கண்ட கணக்கு இது: கடனில் ரூ. 663.89 கோடி, 6,400 மின்சாரக் கார்கள் வாங்குவதற்கென்றே தரப்பட்டது. கம்பெனி தன் பங்காக இருபது விழுக்காடு சேர்க்க வேண்டும்; ஆக மொத்தம் ரூ. 829.86 கோடிக்குக் கார் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியதோ 4,704 கார்கள். அவற்றின் விலை ரூ. 567.73 கோடி. எஞ்சிய ரூ. 262.13 கோடிக்குக் கணக்கில்லை என்றது வாரியம். பணத்தில் ஒரு பகுதி கைமாறிக் கைமாறிக் குருகிராமில் ஓர் ஆடம்பர மாளிகைக் குடியிருப்பில் வீடு வாங்கப் பயன்பட்டதாகவும், கோல்ப் ஆட்டத்துக்குரிய மட்டைகளுக்கு மட்டும் 26 இலட்சம் ரூபாய் சென்றதாகவும் அவ்வுத்தரவு கூறுகிறது. இஃது இறுதித் தீர்ப்பன்று, இடைக்கால முடிவே என்பதையும் நாம் குறிப்பிட வேண்டும். அதே ஆண்டில் இரு கம்பெனிகளும் திவால் நடவடிக்கைக்கு உட்பட்டன.

நம்மை வியக்க வைத்த பகுதி இதற்கும் அப்பால் உள்ளது. ஜென்சால் கார்களை வாங்கியதோடு நில்லாமல், தானே மின்சாரக் கார் செய்யவும் முற்பட்டிருந்தது. 2025 சனவரியில், தில்லியில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில் தன் காரைக் காட்டியது. 30,000 கார்களுக்கு முன்பதிவு வந்துவிட்டது என்று பங்குச் சந்தைக்கு அறிவித்தது. செபி ஆராய்ந்தபோது, ஒன்பது நிறுவனங்கள் 29,000 கார்களைப் பற்றி எழுதிக் கொடுத்த விருப்பக் கடிதங்களே அம்முன்பதிவு என்று தெரிந்தது. அக்கடிதங்களில் விலையும் இல்லை, கார் தரும் நாளும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். இங்கே பங்கு விலையை ஏற்றுவதற்கு உதவியிருக்கிறது. பின்னர் ஏப்ரல் 9-இல் தேசியப் பங்குச் சந்தையின் அதிகாரி ஒருவர் புனேயில் உள்ள தொழிற்சாலையை நேரில் பார்க்கச் சென்றார். இரண்டு மூன்று தொழிலாளர்கள் இருந்தார்கள். கார் செய்யும் வேலை எதுவும் நடக்கவில்லை. மின்சாரக் கட்டணச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஓராண்டில் மிகுதியாகக் கட்டிய திங்களிலும் தொகை ஒன்றரை இலட்சம் ரூபாயைச் சற்றே தாண்டியது. முப்பதாயிரம் கார் செய்ய முனைந்த தொழிற்சாலைக்கு அது போதுமா என்று அறியப் பொறியியல் பட்டம் வேண்டுவதில்லை. ஆயிரக்கணக்கான சிறு முதலீட்டாளர்கள், அவர்களுள் ஓய்வூதியம் பெறுவோரும் உண்டு, அக்கம்பெனியின் பங்குகளை வாங்கியிருந்தார்கள். அந்த மின்சாரச் சீட்டை முன்னரே ஒருவர் கேட்டிருந்தால் என்று நாம் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

செய்பவனும் வாங்குபவனும் ஒருவனே ஆகிவிடும் இவ்வமைப்பை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நம் தூத்துக்குடிக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் கம்பெனி 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்டு 4-இல் தொழிற்சாலையைத் திறந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார் செய்யும் ஆற்றல் உடையது. உப்பளமும் மீன்பிடியும் துறைமுகமுமாய் இருந்த ஊரில் கார் பிறப்பது கண்டு தென்பாண்டிச் சீமைக்காரர் மகிழ்வது இயல்பே, நாமும் மகிழ்கிறோம். ஆனால் அக்கம்பெனி 2023-இல் விற்ற கார்களில் பாதிக்கு மேல், அதன் நிறுவனரே நடத்தும் வாடகைக் கார்க் கம்பெனிக்குச் சென்றவை. அதை அவர்கள் மறைக்கவில்லை. தம் அறிக்கைகளிலேயே வெளியிட்டிருக்கிறார்கள். சட்டப்படி அதில் குற்றமும் இல்லை. எனினும் விற்பனை எண்ணிக்கையைக் கண்டு மக்கள் விரும்பி வாங்குகிறார்கள் என்று முடிவு கட்டுபவர், அவ்வெண்ணிக்கைக்குள் எத்தனை கார் ஒரே வீட்டின் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சென்றது என்று பார்க்க வேண்டும். 2021-இல், தன் காரின் குறைகளைக் காணொளியில் கூறிய வாடிக்கையாளர் ஒருவர்மீது அதே கம்பெனி வியட்நாமில் காவல்துறையிடம் முறையிட்டது. குறை கூறுபவரிடம் ஒரு கம்பெனி எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதும் நாணயத்தில் அடங்கும் அன்றோ? தூத்துக்குடியில் அப்பழக்கம் வேரூன்றாதிருக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

கிருட்டிணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்கும் இத்தொழிலில் இடம் உண்டு. ஓலா கம்பெனியின் மின்சார ஸ்கூட்டர்த் தொழிற்சாலை அங்கே அமைந்தது. முழுவதும் பெண்களே பணிபுரிவர், பத்தாயிரம் பேர் வரை அமர்த்தப்படுவர் என்று 2021-இல் அறிவித்தார்கள். தருமபுரி, கிருட்டிணகிரிப் பக்கத்து ஏழைப் பெண்களுக்கு அது பெரிய வாய்ப்பு. வண்டி வாங்கியவர்களின் நிலை வேறாயிற்று. 2023 செப்டம்பர் முதல் ஓராண்டில், தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு அக்கம்பெனியைப் பற்றி 10,644 முறையீடுகள் சென்றன. மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டது, 99.1 விழுக்காட்டைத் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி விடையளித்தது. 2022 ஆகஸ்டு 15-இல் ஒரு மின்சாரக் காரையும் அவர்கள் அறிவித்தார்கள். 2024-இல் வரும் என்றார்கள். அவ்வாண்டில் அது வரவில்லை.

அரசாங்கம் கொடுத்த மானியத்தின் கதையும் ஒன்று உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்வோம். 'பேம்' என்னும் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2019 முதல் 2024 மார்ச்சு வரை நடந்தது. தொழிற்சாலை விலை ஒன்றரை இலட்சத்துக்கு உட்பட்ட ஸ்கூட்டர்களுக்கே மானியம் என்பது விதி. விலை அதைத் தாண்டும் நிலையில் சில கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? வண்டிக்கு ஒரு சீட்டு, சார்ஜருக்கு ஒரு சீட்டு என்று பிரித்து எழுதின. சார்ஜர் இல்லாத மின்சார வண்டி கயிறும் வாளியும் இல்லாத கிணறு. ஆயினும் ஏட்டில் விலை வரம்புக்குள் நின்றது. அரசாங்கம் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு, 2023-இல் நான்கு பெரிய கம்பெனிகள் சார்ஜர்ப் பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. வேறு ஏழு கம்பெனிகள் உள்நாட்டு உறுப்புகளைப் பயன்படுத்தும் விதியை மீறியதாகக் கூறி, ஏறத்தாழ ரூ. 469 கோடியைத் திருப்பிக் கேட்டது அரசாங்கம். அம்மானியம் நம் வரிப்பணம்.

வெளிநாட்டுப் பெருங்கம்பெனிகள் மட்டும் சொன்ன சொல் தவறாதவையா என்றால், அதுவும் இல்லை. 2025 சூலையில் மும்பையில் கடை திறந்த டெஸ்லா கம்பெனி, தானே ஓடும் கார் விரைவில் என்று 2016 முதல் கூறி வந்தது. அடுத்த ஆண்டே பத்து இலட்சம் கார்கள் ஓட்டுநரின்றி வாடகைக்கு ஓடும் என்று அதன் தலைவர் ஈலோன் மஸ்க் 2019-இல் உரைத்தார். அடுத்த ஆண்டும் வந்தது. அத்தகைய கார்கள் வரவில்லை. ஆனால் 'முழுத் தானியங்கி' என்று பெயரிட்ட கருவிக்கு முன்கூட்டியே விலை வாங்கினார்கள். 2022-இல் அவ்விலை அமெரிக்காவில் 15,000 டாலர். பெயரோடு 'மேற்பார்வைக்கு உட்பட்டது' என்ற சொல்லைச் சேர்த்தது 2024-இல்தான். 2019-இல் பிளாரிடா மாநிலத்தில், தானியங்கிக் கருவியை நம்பிய ஓட்டுநர் கீழே விழுந்த தொலைபேசியைக் குனிந்து தேடும்போது, கார் சாலை முடிவையும் கடந்து சென்று மோதி இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். 2025 ஆகஸ்டில் மயாமி நீதிமன்றத்து நடுவர்கள், பழியில் மூன்றில் ஒரு பங்கு கம்பெனிக்கு என்று கூறி, ஏறத்தாழ 24 கோடியே 30 இலட்சம் டாலர் தரும்படி தீர்த்தார்கள். மேல்முறையீடு செய்வதாகக் கம்பெனி அறிவித்தது.

கம்பெனியே மறைந்துவிட்டால்? அமெரிக்காவின் பிஸ்கர் கம்பெனி 2024 சூனில் திவாலாயிற்று. அதன் 'ஓஷன்' கார்கள் ஏறக்குறைய பதினோராயிரம் செய்யப்பட்டிருந்தன. பழைய அம்பாசடர் காரைச் செய்த தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்ட பின்னும், கரோல் பாக் மெக்கானிக் அதை ஓட வைத்தார். மின்சாரக் காரின் செய்தி வேறு. கம்பெனியிலிருந்து வானொலி வழியாக வந்துகொண்டிருக்கும் கணிப்பொறி ஆணைகளைச் சார்ந்தே அதன் பல உறுப்புகள் இயங்குகின்றன. பிஸ்கர் கார் வைத்திருந்தவர்கள் தாமே ஒரு சங்கம் அமைத்து, உதிரி உறுப்புகளைத் தேடவும் கணிப்பொறிப் பழுதைத் தீர்க்கவும் முற்பட்டார்கள். பெரும் விலை கொடுத்து வாங்கிய காரைக் காப்பாற்றச் சங்கம் வைக்க வேண்டிய காலம் இது.

இதுவரை கூறியது பணத்தின் கணக்கு. வண்டியைச் செய்யும் மக்களைப் பற்றி அறிந்தபோதுதான் நம் நெஞ்சு கனத்தது. சீன நாட்டு பி.ஒய்.டி. கம்பெனி இன்று உலகில் மிகுதியான மின்சாரக் கார்களைச் செய்வோருள் ஒன்று. பிரேசில் நாட்டு பாகியா மாநிலத்தில் காமாசாரி என்னும் ஊரில் அதற்குத் தொழிற்சாலை கட்டப்பட்டு வந்தது. 2024 டிசம்பரில் அந்நாட்டுத் தொழிலாளர் ஆய்வாளர்கள் உள்ளே சென்று பார்த்தார்கள். சீனத்திலிருந்து ஒப்பந்தக்காரர் வழியாக அழைத்து வரப்பட்ட 163 கட்டடத் தொழிலாளர்கள் அடிமைநிலைக்கு ஒப்பான நிலையில் இருப்பதாக அறிவித்தார்கள். மெத்தையில்லாத கட்டில்கள், ஒரு விடுதியில் 31 பேருக்கு ஒரே கழிப்பறை, அதற்காக விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டு முதலாளி கையில். கூலியில் பெரும்பகுதி பிடித்து வைக்கப்பட்டது. கார்க் கம்பெனி அவ்வொப்பந்தக்காரரோடு உறவை முறித்துக்கொள்வதாகக் கூறியது. ஒப்பந்தக்காரர் குற்றச்சாட்டை மறுத்தார். 2025 மே மாதத்தில் அரசாங்க வழக்கறிஞர்கள் இரு தரப்பார்மீதும் வழக்குத் தொடுத்தார்கள்.

தகரப் பெட்டியோடு ரெயில் ஏறி வந்து, தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஒரே அறையில் பன்னிருவர் படுத்து, முறை வைத்து உறங்கிய கதைகளைப் பாட்டனார் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வளைகுடா நாடுகளுக்குச் சென்ற உறவினரின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்ட செய்தியும் நமக்குப் புதிதன்று. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்குத் தன் கையிலுள்ள தாள் எத்துணை இன்றியமையாதது என்பதைப் பிறரினும் நாம் நன்கு அறிவோம். காமாசாரியில் நான்கு மணிக்கு எழுந்து நின்றவர் எவர், எந்தச் சிற்றூர்க்காரர், யாருக்குப் பணம் அனுப்பியவர் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அயலார் அல்லர்.

சுவீடன் நாட்டில் டெஸ்லாவின் பழுது பார்க்கும் தொழிலாளர்கள் 2023 அக்டோபர் 27-இல் கூட்டு ஒப்பந்தம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். துறைமுகத்தார் அக்கார்களை இறக்க மறுத்தார்கள்; தபால்காரர்கள் புதிய கார்களின் எண்பலகைகளைக் கொண்டு சேர்க்க மறுத்தார்கள். இரண்டாண்டு கடந்தும் அது முடியவில்லை. காமாசாரித் தொழிலாளர்க்கு அத்தகைய தோழமை வாய்க்கவில்லை. ஆய்வாளர் வந்து கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

பாட்டரிக்கு வேண்டும் கனிமங்களைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. கோல்வேசி நகரைச் சுற்றிக் கையால் சுரங்கம் தோண்டுவோர் பலர். அவர்களிடையே சிறுவரும் இருப்பதை 2016-இல் ஆம்னெஸ்டி அமைப்பு அறிக்கையாக வெளியிட்டது. சுரங்கத்தில் இறந்த, ஊனமுற்ற சிறுவர்களின் குடும்பத்தார் சார்பில் 2019-இல் டெஸ்லா உட்பட ஐந்து அமெரிக்கக் கம்பெனிகள்மீது வாஷிங்டனில் வழக்குத் தொடுக்கப்பட்டது. கனிமத்தை வாங்குவதாலேயே சுரங்க முதலாளியோடு கூட்டு முயற்சியில் இறங்கியவராகமாட்டார் என்று 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளிவிட்டது.

இங்கே ஒரு திருத்தம் தேவை. நம் நாட்டில் விற்கும் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றின் பாட்டரி இரும்பும் பாஸ்பேட்டும் லித்தியமும் சேர்ந்தது, எல்.எப்.பி. என்பர். அதில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. நம் அன்பர் பார்த்த காரும் அவ்வகையே. ஆகவே காங்கோச் சிறுவரின் பழியை அவர் தலையில் ஏற்றுவது முறையாகாது. வெளிநாட்டு விலையுயர்ந்த கார்கள் பலவற்றுக்கு மட்டும் நிக்கல் பாட்டரி. அந்நிக்கலில் பெரும்பகுதி இந்தோனேசியாவில் உருக்கப்படுகிறது. சுலாவெசித் தீவின் மொரோவாலியில் 2023 டிசம்பர் 24-இல் உருக்காலை ஒன்று வெடித்து இருபத்தொருவர் மாண்டனர். அவ்வாலைகள் இயங்குவது நிலக்கரி மின்சாரத்தால் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்.எப்.பி. பாட்டரியின் உள்ளறைகளோ பெரும்பாலும் சீனத்திலிருந்தே வருகின்றன. அங்கே எவ்வாறு செய்யப்படுகின்றன என்று வெளியார் சென்று பார்ப்பது எளிதன்று.

இவ்வளவும் அறிந்த பின் அன்பரையும் அம்மையாரையும் மீண்டும் சந்தித்தோம். காரை வாங்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அன்றாடம் நாற்பது கிலோமீட்டர் அலுவலகத்துக்குப் போய் வருபவருக்குச் செலவு குறையும். நகரத்துக் காற்றுக்கும் நல்லது. முன்பணம் கட்டுமுன் விற்பனை நிலையத்தாரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவற்றை மட்டும் மூவரும் சேர்ந்து எழுதினோம். பாட்டரிக்கு எட்டாண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்கிறார்கள். எத்தனை விழுக்காடு ஆற்றல் குறைந்தால் மாற்றித் தருவார்கள், காரை வேறொருவருக்கு விற்றால் உத்தரவாதம் தொடருமா என்பது முதல் கேள்வி. அன்பருக்கு இன்னும் நான்காண்டில் ஓய்வு. திருநெல்வேலிக்கே திரும்ப எண்ணியிருக்கிறார். அங்கே இக்காரைப் பழுது பார்க்கப் பயிற்சி பெற்ற பட்டறை உண்டா என்பது இரண்டாவது. கம்பெனி இம்மாதிரியைக் கைவிட்டாலோ, கம்பெனியே கைமாறினாலோ, கணிப்பொறி ஆணைகளை எத்தனை ஆண்டு தருவதாக உறுதி கூறுகிறார்கள் என்பது மூன்றாவது. குடியிருப்பு சொசைட்டியில் சார்ஜர் வைக்க இடம் தருவார்களா என்பது தனி வழக்கு. வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று 2022-இல் மின்துறை அமைச்சகம் வழிகாட்டியிருந்தும், செயலாளர் தீ விபத்து என்று தயங்குகிறார். அவர் அச்சத்தையும் நாம் இகழவில்லை.

அம்மையார் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "பாட்டரி அறைகள் எந்தத் தொழிற்சாலையில் செய்தவை என்பதையும் எழுது, தம்பி. சொல்லாவிட்டாலும் கேட்டோம் என்று இருக்கட்டும்" என்றார். நான்காவதாக அதையும் எழுதிச் சேர்த்தார் அன்பர்.

பத்து நாள் கழித்து விற்பனை நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் இரண்டு கேள்விக்கும் தெளிவான விடை இருந்தது. திருநெல்வேலியில் பட்டறை உண்டு என்றும் முகவரியோடு எழுதியிருந்தார்கள். மற்ற இரண்டையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதாகக் குறித்திருந்தார்கள். இதை அச்சுக்கு அனுப்பும் வரை அவ்விடை வரவில்லை. வைப்புத் தொகை வங்கியில் இருக்கிறது.